சொல்லாததும், 'வேண்டாம்' என்று சொன்னதும் ஒன்றா?

ஹாஸ்டல் ஆபீஸ்ல ஒரு ஃபார்ம் கொடுக்கிறாங்கன்னு வச்சுக்குங்க. "மாறினதை மட்டும் எழுதுங்க"ன்னு சொல்றாங்க. நீங்க புது அறை எண்ணை மட்டும் எழுதி, போன் நம்பர் கட்டத்தைத் தொடாம விட்டுட்டு வர்றீங்க. அதைப் பார்த்துட்டு உங்க போன் நம்பரை அழிச்சா கோபம் வருமா, வராதா? சரி, அந்தக் கட்டத்துல "நீக்கிடுங்க"ன்னு தெளிவா எழுதியும் நீக்காம விட்டா?

ரெண்டும் வேற வேறன்னு மனுஷங்களுக்குத் தெரியும். நாம எழுதுற அப்டேட் வாக்கியத்துக்குத்தான் பல நேரம் தெரியறதில்லை.

இது நானே செஞ்ச தப்பு. மினி ப்ராஜெக்ட்டுக்காக எங்க டீம் ஒரு மாணவர் விவர ஆப் செஞ்சோம். மாறின விவரங்கள் மட்டும் ஜேசனா வரும். அதை வச்சு போஸ்ட்கிரெஸ் டேபிள்ல அந்த ஒரு வரிசையை அப்டேட் பண்ணணும். எல்லாரும் செய்யற மாதிரி நானும் கோயலெஸ் போட்டேன். புது மதிப்பு இருந்தா அதை எடு, 'நல்' வந்தா பழையதையே வை. டெமோ அருமையா ஓடிச்சு, மார்க்கும் வந்துச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ஜூனியர் வந்தாங்க. "அண்ணா, யாரோ ராத்திரில கால் பண்ணித் தொல்லை பண்றாங்க. அதான் நம்பரை எடுத்துட்டேன். 'சேமிக்கப்பட்டது'ன்னு வந்துச்சு. ஆனா லிஸ்ட்ல இன்னும் இருக்கு." அவங்க அனுப்பின ஜேசன்ல போனுக்கு 'நல்'னு தெளிவா இருந்துச்சு. என் கோயலெஸ் அதைக் கண்டுக்கவே இல்லை.

காரணம் இதுதான். போஸ்ட்கிரெஸ்ல ஜேசன்ல இருந்து ஒரு மதிப்பை டெக்ஸ்டா எடுக்கிற அம்புக்குறி ஆபரேட்டர், கீ இல்லாட்டியும் 'நல்' தரும். கீ இருந்து மதிப்பு 'நல்'னு இருந்தாலும் 'நல்' தரும். பைத்தான் டிக்ஷனரில 'கெட்' போட்டாலும் இதே கதை, ரெண்டுக்கும் 'நன்'தான். வித்தியாசம் அங்கேயே தொலைஞ்சு போச்சுன்னா, அதுக்கப்புறம் எந்த எஸ்க்யூஎல்லும் காப்பாத்தாது.

தீர்வு ஒண்ணும் பெரிசில்லை. ஜேசன்பி டைப்புக்குக் கேள்விக்குறின்னு ஒரு ஆபரேட்டர் இருக்கு, "இந்தக் கீ இருக்கா?"ன்னு மட்டும் கேட்கும். அதை கேஸ்ல வைங்க: கீ இருந்தா வந்த மதிப்பை எடு, அது 'நல்'லே ஆனாலும், இல்லன்னா பழசு அப்படியே இருக்கட்டும். ஜேசன் மெர்ஜ் பேட்ச்சுக்கான ஆர்எஃப்சி 7396, 2014-லேயே இதைத்தான் விதியா எழுதி வச்சிருக்கு: 'நல்' வந்தா நீக்கு, கீ வரலைன்னா தொடாதே.

"எதுக்கு இந்தத் தலைவலி, முழு வரிசையையும் அனுப்பிடலாமே"ன்னு சிலர் கேட்பாங்க. ஒரே வரிசையை ரெண்டு பேர் திறந்து வச்சிருக்காங்க. ஒருத்தர் போனை நீக்குறார். இன்னொருத்தர் அறை எண்ணை மாத்தி, பழைய போனோட சேர்த்து முழுசா அனுப்புறார். நீக்கின நம்பர் திரும்ப வந்துடும். ஒரு தலைவலிக்குப் பதிலா இன்னொரு தலைவலி, அவ்வளவுதான்.

அதனால நான் சொல்றது இதுதான். ப்ராஜெக்ட் ரிவ்யூல ஸ்கிரீன் அழகைப் பார்க்கிறதுக்கு முன்னாடி மூணு டெஸ்ட் கேளுங்க: கீ இல்லாம, கீயோட 'நல்', கீயோட புது மதிப்பு. அப்டேட்டோட ரிட்டர்னிங் சேர்த்து, டேபிள்ல உண்மையா என்ன பதிஞ்சிருக்கோ அதையே திரும்ப எடுத்து பயனருக்குக் காட்டுங்க. வெறும் பச்சை டிக் போதாது.

அந்த ஜூனியரோட நம்பரை நான் கையால நீக்கினேன். ஆனா அந்த ரெண்டு வாரமும் "நீக்கியாச்சு"ன்னு நம்பிட்டு இருந்தாங்களே, அதுக்கு என்கிட்ட எந்த அப்டேட்டும் இல்லை. உங்க கோடுல கோயலெஸ் இருக்கான்னு இன்னைக்கே ஒரு தடவை தேடிப் பாருங்க.