பொருந்தினும் பொருந்தாத வடம்

சென்ற திங்கள் நம் சங்கத்து நூலக அறையில் இதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பதினொன்றாம் வகுப்பு பயிலும் மாணவர் ஒருவர் நம்மை அணுகினார். தேர்வு விடுமுறையில் நேரு பிளேஸ் சென்று, உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிக் கணிப்பொறி ஒன்றைத் தம் கையாலேயே அமைக்கப்போவதாகச் சொன்னார். மகிழ்ந்தோம். எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்பெட்டியிலிருந்து செல்லும் வடங்களை மட்டும் நிதானித்துப் பொருத்துக என்றோம். "அது எளிய வேலை, ஐயா! தவறான இடத்தில் எந்தப் பிளக்கும் நுழையாதாமே! வடங்களுக்கும் குறைவில்லை. நொய்டாவில் இருக்கும் மாமா பழையவற்றை ஒரு பை நிறையக் கொடுத்திருக்கிறார்" என்றார். அந்தப் பையைப் பற்றிக் கேட்டதும் நமக்குத் திக்கென்றது.

தவறான இடத்தில் நுழையாது என்பது பெரும்பாலும் உண்மையே. எஞ்சிய சிறுபான்மையின் பொருட்டே இம்மாதம் எழுதுகிறோம். அச்சிறுபான்மையில் நாம் இழந்தது ஒன்று உண்டு.

சுவரில் வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தைக் கணிப்பொறி அப்படியே ஏற்காது. எஸ்.எம்.பி.எஸ். அதனை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டங்களாக மாற்றிப் பங்கிட்டுத் தருகிறது. மரபுப்படி மஞ்சள் கம்பி 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு மின்னோட்டம் திரும்பும் வழி. இக்காலத்தில் அழகு கருதி எல்லாக் கம்பிகளையும் கறுப்பாகவே செய்துவிடுகிறார்கள். கண்ணுக்கு இனிமைதான், கம்பியைப் பார்த்து அறிவதற்கு ஒன்றுமில்லாமற் போயிற்று.

1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். கணிப்பொறியிலும், அதன் வழிவந்தவற்றிலும் மதர்போர்டுக்கு இரண்டு பிளக்குகள் அருகருகே செருகப்பட்டன. இரண்டும் ஒரே அளவு. இடம் மாற்றிச் செருகினால் மதர்போர்டு மாண்டது. ஆகவே 'கறுப்போடு கறுப்பு சேரட்டும்' என்று அக்காலத்தில் பழகியவர்கள் சொல்லிக்கொள்வார்கள். இரு பிளக்குகளின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் ஒன்றையொன்று நோக்கி இருந்தால் சரி என்பது பொருள். 1995-இல் வந்த ஏ.டி.எக்ஸ். முறை இரண்டையும் 20 ஊசிகள் கொண்ட ஒரே பிளக்காக்கிற்று. இன்று அது 24 ஊசிகளாக வளர்ந்துள்ளது. அதனைத் தவறாகச் செருக இயலாது. பிடிப்புக் கொக்கி 'கிளிக்' என்று விழும்வரை அழுத்தினால் போதும். போர்டு வளையுமாயின் ஓரத்தை மறுகையால் தாங்கிக்கொள்ள வேண்டும்.

பிராசசருக்குரிய பிளக்கு 8 ஊசிகள் உடையது. நான்கு நான்காகப் பிரியும். அது சேருமிடம் போர்டின் மேல்மூலை. கேபினட்டில் எல்லாவற்றையும் மாட்டிய பிறகு அம்மூலைக்குக் கை செல்லாது. எனவே இவ்வடத்தை முதலிலேயே பின்புறமாகக் கொண்டுவந்து வைத்துவிடுதல் நலம். கிராபிக்ஸ் கார்டுக்குரிய பிளக்கும் 8 ஊசிகள் உடையதே; ஆனால் ஆறும் இரண்டுமாகப் பிரியும். ஒன்றில் 12 வோல்ட் இருக்கும் வரிசையில் மற்றொன்றில் திரும்பும் வழி இருக்கும். ஊசியுறைகளின் வடிவம் வேறாதலால் எளிதில் நுழையா. எனினும் வலிந்து திணிக்கும் கை எவ்வீட்டிலும் உண்டு. பிளக்கின் மேல் பொறித்திருக்கும் எழுத்தைப் படித்துவிட்டுச் செருகுவதே முறை.

2022-இல் பெரிய கிராபிக்ஸ் கார்டுகளுக்கென 16 ஊசிப் பிளக்கு ஒன்று வந்தது. 600 வாட் வரை தாங்கும் என்பது அதன் கணக்கு. 12 வோல்ட்டில் அது 50 ஆம்பியர். நம் வீட்டு கீசர் பிளக்கே 16 ஆம்பியர்தான். அவ்வாண்டே சில பிளக்குகள் உருகின. முழுமையாக அழுந்தாமல் இருந்தது முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. 2023-இல் அதன் அமைப்பைத் திருத்தினார்கள். மாணவர்க்கு அத்தகைய கார்டு தேவையில்லை என்பது நம் எண்ணம். அவர் எண்ணம் வேறாக இருக்கலாம்.

இனி நம் கதை. மூன்று கோடைகளுக்கு முன் நம் இல்லத்துக் கணிப்பொறியின் எஸ்.எம்.பி.எஸ். தில்லி வெயிலில் விசிறி நின்று செயலிழந்தது. வேறு நிறுவனத்தின் புதுப்பெட்டி ஒன்றை வாங்கி வந்தோம். பழையதும் புதியதும் வடங்களைக் கழற்றி மாட்டும் வகையின. பழைய வடங்கள் கேபினட்டின் பின்புறம் அழகாகக் கட்டப்பட்டுக் கிடந்தன. அவற்றை அவிழ்க்கச் சோம்பி, பெட்டியை மட்டும் மாற்றி, பழைய வடங்களையே அதில் செருகினோம். ஒவ்வொன்றும் 'கிளிக்' என்று இனிதே அமர்ந்தது. சுவிட்சைப் போட்டோம். ஓசை எழவில்லை, கருகல் நாற்றமே எழுந்தது.

வடத்தின் ஒரு முனை மதர்போர்டுக்கோ ஹார்டு டிஸ்க்குக்கோ செல்கிறது. அம்முனைக்குப் பொது விதி உண்டு, உலகெங்கும் ஒன்றே. பெட்டியில் செருகும் மறுமுனைக்கு அவ்விதி இல்லை. எந்தத் துளையில் எந்த வோல்ட் என்பது அவரவர் விருப்பம். ஒரே நிறுவனத்தின் இரு மாதிரிகளுக்குள்ளும் மாறும். வடிவம் மட்டும் பல நேரங்களில் ஒன்றாகவே அமைந்துவிடுகிறது. நம் ஹார்டு டிஸ்க்குகளில் 5 வோல்ட் செல்லவேண்டிய வழியில் 12 வோல்ட் பாய்ந்தது. பிழை நிறுவனங்களுடையது அன்று, நம்முடையதே.

டிஸ்க்குகள் இரண்டு. ஒன்றில் மிகை மின்னழுத்தத்தைத் தானே தாங்கி எரியும் சிறு உறுப்பு தன் கடமையைச் செய்திருந்தது. பழுது பார்ப்பவர் அதனை நீக்கியதும் உள்ளிருந்தவை மீண்டன. மற்றொன்று மீளவில்லை. கும்பகோணத்தில் தந்தையார் நம் பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகளை, அவர் குரலிலேயே பதிந்து வைத்திருந்தோம். அவை அதில்தான் இருந்தன. படி எடுத்து வைக்கவில்லை. தந்தையார் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

எனவே புதுப்பெட்டியுடன் அதன் உறையில் வந்த வடங்களையே பொருத்துக. பழையவற்றை அவற்றின் பெட்டியோடு சேர்த்துக் கட்டி, பெயரெழுதி வையுங்கள். வேலைக்கு முன் சுவர்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கணிப்பொறியின் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தித் தேங்கிய மின்சாரத்தை வடித்துவிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் ஒருபோதும் திறக்கவேண்டா. பிடுங்கிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

வாடகை வீடுகளில் குடியிருப்போர்க்கு இன்னுமொன்று. கேபினட்டைத் தொட்டால் விரல் சிலிர்க்கிறதா? அப்படியாயின் மூன்றாவது துளையில் எர்த் இல்லை என்று ஐயுறுக. வீட்டுக்காரரிடம் சொல்லி எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்த பின்னரே மேற்செல்லுக. இதற்கு வீட்டுக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

மாணவரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், "மாமாவிடம் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், ஐயா" என்றார். பிறகு, அந்தக் கதைகளில் ஏதேனும் நமக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டார். இரண்டு இருந்தன, சொன்னோம்.