திமிர் பிடித்தவளும் மேதையும்

1994 பிப்ரவரி 7. நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பரா அரங்கின் பொது மேலாளர் ஜோசப் வோல்ப்பி ஓர் அறிக்கை விட்டார். காத்லீன் பேட்டில் என்கிற பாடகியை நீக்கியாச்சு. ஒத்திகையில் அவர் நடந்துகொண்ட விதம் தொழிலுக்கு அழகில்லையாம். இந்த ஒரு நாடகத்திலிருந்து மட்டுமல்ல, இனிமேல் பாடச் சொல்லிக் கொடுத்திருந்த வாய்ப்புகளும் ரத்து. சேதி கேட்டுச் சக கலைஞர்கள் கைதட்டினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின.

பேட்டில் ஒரு கறுப்பினப் பெண். ஒஹாயோ மாநிலத்து உருக்காலைத் தொழிலாளி ஒருவரின் மகள்.

ஆப்பராவா? முழுக்கப் பாட்டாலேயே நடக்கிற நாடகம், வெள்ளைக்கார மேட்டுக்குடி சமாச்சாரம், நமக்கெதுக்கு அது என்று கேட்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுக்கணும். நான் பேச வந்தது ராகத்தைப் பற்றியல்ல, வதந்தியைப் பற்றி. ஆப்பரா ரசிகர்கள் பாட்டுக்குச் சமமாக வதந்தியைத் தின்று வாழ்கிறவர்கள். யார் யாரோடு சண்டை, யாருக்குத் தொண்டை போச்சு, யார் கோபித்துக்கொண்டு வெளியே போனார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அந்த வதந்திக்கும் ஒரு சாதி இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மெட்ரோபாலிடனில் சுமார் 3,800 பேர் உட்காரலாம். ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசைக்கும் வெறுந்தொண்டைதான் போய்ச் சேரணும். பேட்டிலின் குரல் மெல்லியது, ஆனாலும் சேர்ந்தது. 1977-இல் அங்கே முதன்முதலாகப் பாடினார். பதினேழு வருஷத்தில் அந்தக் குரலைவிட அதிகமாகப் பரவியது அவரது 'குணம்'. காரில் ஏசி அதிகமாக இருக்கிறது, டிரைவரிடம் குறைக்கச் சொல்லுங்கள் என்று காருக்குள்ளிருந்தே தன் ஏஜென்டுக்குப் போன் போட்டாராம். அவர் பெயருக்கு ஆங்கிலத்தில் யுத்தம் என்று பொருள். அதை வைத்து, 'யுத்தத்தில் தப்பித்தவன்' என்ற தோரணையில் சான்பிரான்சிஸ்கோ அரங்கில் பனியன் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள் என்றும் செய்தி வந்தது. இத்தனையும் அச்சில் ஏறியது. ஆனால், தொழிலுக்கு ஒவ்வாத நடத்தை எதையும் அரங்கத்தில் யாரும் தன்னிடம் சொன்னதில்லை என்று பேட்டில் சொன்ன பதில் யார் நினைவிலும் தங்கவில்லை.

இனி இன்னொருவர். ஜேம்ஸ் லெவைன். 1971-இல் அதே அரங்கில் முதன்முதலாக இசைக்குழுவை நடத்தினார். 1976 முதல் இசை இயக்குநர். பேட்டில் நீக்கப்பட்ட 1994-இல் அவர்தான் கலை இயக்குநர். மொத்தம் 2,500-க்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள். அவரைப் பற்றியும் வதந்தி இருந்தது, அதுவும் பல பத்து ஆண்டுகளாக: இளம் கலைஞர்களிடம் தப்பாக நடந்துகொள்கிறார் என்று. 1979-லேயே கையெழுத்தில்லாத கடிதம் ஒன்று நிர்வாகத்துக்கு வந்திருக்கிறது. என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலை. அந்த வதந்தியை மட்டும் ரசிகர்கள் குரல் தாழ்த்திப் பேசினார்கள். பனியனில் யாரும் அச்சடிக்கவில்லை.

2017 டிசம்பரில் பாதிக்கப்பட்டவர்கள் வெளிப்படையாகப் பேசிய பிறகுதான் அரங்கம் அவரைச் சஸ்பெண்ட் செய்தது. 2018 மார்ச்சில், தொழிலில் காலூன்றாத இளம் கலைஞர்களிடம் பாலியல் அத்துமீறலிலும் சீண்டலிலும் ஈடுபட்டதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடைத்திருக்கிறது என்று சொல்லி நீக்கியது. லெவைன் மறுத்தார், அவர்மேல் குற்றவழக்கு எதுவும் பதிவாகவில்லை. அவரே அரங்கத்தின்மேல் வழக்குப் போட்டார், 2019-இல் சமரசமானது. அவருக்குக் கிடைத்தது 35 லட்சம் டாலர் என்று 2020-இல் செய்தி வந்தது. 2021-இல் இறந்துபோனார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்திகைக்குத் தாமதம், எடுத்தெறிந்த பேச்சு, ஏசிக் குளிர் - இதெல்லாம் உரக்கப் பேசலாம். இளையவர்களின் உடம்புமேல் நடந்த அத்துமீறலைக் கிசுகிசுக்க மட்டும்தான் முடியும். அவள் 'திமிர் பிடித்தவள்'. அவர் 'மேதை'. மேதைக்கு எல்லாம் சகஜம். பேட்டிலும் மேதைதானே? இருந்தும் அந்தச் சலுகை அவருக்குக் கிடைக்கவில்லையே, ஏன்?

இரண்டு மறுப்புகள் வரும். ஒன்று: பேட்டில் நிஜமாகவே மற்றவர்களை நோகடித்திருக்கலாமே? நோகடித்திருக்கலாம். மேடைத் தொழிலாளியும் தொழிலாளிதான், அவன் புகாருக்கும் மதிப்புண்டு. நான் அவருக்கு நற்சான்றிதழ் எழுத வரவில்லை. ஒரே அரங்கம், ஒரே காலம், இரண்டு தராசு என்கிறேன், அவ்வளவுதான். இரண்டு: பேட்டிலுக்குப் பதிலாகப் பாடிய ஹாரலின் பிளாக்வெல்லும் கறுப்பினப் பெண்தானே, இதில் நிறவெறி எங்கே வந்தது? இந்தக் கேள்வி நமக்குப் புதுசா? 'உங்க ஆளையே போட்டிருக்கோமே' என்பது நாம் கேட்டுப் புளித்த சங்கதி. கதவைத் திறந்து ஒருவரை உள்ளே விடுவது வேறு. உள்ளே வந்தவர் முகம் சுளிக்கவும் உரிமை உண்டு என்று ஒத்துக்கொள்வது வேறு.

அந்தக் கதவு திறந்த கதையையும் சொல்லணும். அரங்கம் தொடங்கியது 1883-இல். 1913 முதல் 1916 வரை அம்பேத்கர் கொலம்பியாவில் படித்ததும் இதே நியூயார்க்கில்தான். அப்போது அந்த மேடையில் முக்கியப் பாத்திரத்தில் பாடிய கறுப்பர் ஒருவரும் இல்லை. முதலாமவர் மரியன் ஆண்டர்சன். அவர் ஏறியது 1955 ஜனவரி 7 அன்று. அதற்குள் அவருக்கு 57 வயசு. குரலின் உச்சம் கடந்துவிட்டது. கொடுத்த பாத்திரம் வெர்டியின் நாடகத்தில் வரும் குறிசொல்லி உல்ரிக்கா. அந்த நாடகத்தின் மூலத்தில் ஒரு நீதிபதி வந்து, அவள் கறுப்பு ரத்தத்தை அசுத்தம் என்று ஏசுகிறான். நாமும் கேட்ட ஏச்சுத்தானே இது! ஆண்டர்சன் அடக்கத்துக்குப் பேர்போனவர். அவரையே 57 வயசுவரை காக்கவைத்தார்கள். அடங்கி இருந்தால் இடம் கிடைக்கும் என்று நமக்கு உபதேசிக்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கட்டும்.

வங்கியில் என் மேசைக்கு எதிர் மேசை நண்பர் ஒருமுறை ரோஸ்டர் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது: 'ரொம்பத் திமிருப்பா அவனுக்கு'. அந்தச் சொல்லின் சத்தம் எனக்கு நல்லாத் தெரியும். கடல் தாண்டிக் கேட்டாலும் தெரியும்.

2016 நவம்பரில், 22 வருஷம் கழித்து, பேட்டில் அதே மேடைக்கு வந்தார். அந்த இரவு அவர் பாடியது அடிமைகளாக இருந்த தன் முன்னோர்களின் பாட்டுகளை. ஒரு வருஷம் சொச்சத்தில் லெவைனின் பெயர் அந்த மேடையிலிருந்து இறங்கியது.

வதந்தி கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கேளுங்கள், நானும் கேட்பேன். ஆனால் எது உரக்க வருகிறது, எது கிசுகிசுப்பாக வருகிறது என்று கவனியுங்கள். உரக்க வருவதைச் சந்தேகியுங்கள். கிசுகிசுப்பாக வருவதைப் பின்தொடர்ந்து போங்கள். அதன் கடைசியில் பேச முடியாத ஒருத்தர் உட்கார்ந்திருப்பார்.