அலாரம் அடித்தால் போதுமா?

கார் உதிரிப்பொருள் கடைகளின் கண்ணாடி அலமாரியில், மொபைல் ஸ்டாண்டுக்கும் வாசனைத் திரவியப் புட்டிக்கும் நடுவே ஒரு சின்ன உலோகத் துண்டு தொங்கும். சில கடைகளில் கார் கம்பெனியின் முத்திரையோடு பளபளவென்றே கிடைக்கும். சீட் பெல்ட்டின் நாக்கு போகவேண்டிய பூட்டில் அதைச் செருகிவிட்டால், ஆள் பெல்ட் போட்டுவிட்டார் என்று கார் நம்பிக்கொள்ளும். 'பீப் பீப்' சத்தமும் நின்றுவிடும். ஓர் எச்சரிக்கையை ஏமாற்றுவதைத் தவிர அந்தப் பொருளுக்கு வேறு வேலை கிடையாது. இணைய விற்பனைத் தளங்களில் இது பாட்டில் திறப்பான், சிகரெட் லைட்டர் என்ற பெயர்களிலும் விற்கப்பட்டது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து பெரிய தளங்களுக்கு உத்தரவு போட்டு, 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்க வைத்தது.

அந்த நடவடிக்கைக்கு ஒரு பின்னணி உண்டு. 2022 செப்டம்பர் 4 அன்று டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி, மகாராஷ்டிர மாநிலம் பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தார். பின் இருக்கையில் இருந்த அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை. பெரிய மனிதர் ஒருவர் போனதால் நாடு சில வாரங்கள் பின் இருக்கை பெல்ட்டைப் பற்றிப் பேசியது. அதே ஆண்டில் சீட் பெல்ட் போடாமல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 16,715 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 8,384 பேர் ஓட்டுநர்கள். கையருகே பெல்ட், காதருகே அலாரம் இருக்கக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்.

சட்டம் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. 2019 ஜூலை 1 முதல் தயாராகும் ஒவ்வொரு காரிலும் முன் இருக்கை இரண்டுக்கும் பெல்ட் நினைவூட்டி, பின்னால் போகும்போது தடையைக் காட்டும் சென்சார், வேக எச்சரிக்கை ஆகியவை கட்டாயம். வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டு ஒலிக்கும். 120-ஐத் தாண்டினால் விடாமல் அலறும். இப்போது அடுத்த கட்டம் வந்திருக்கிறது. பஸ், வேன், லாரிகளில் தானியங்கி அவசர பிரேக், தடம் விலகல் எச்சரிக்கை, ஓட்டுநரின் தூக்கக் கலக்கத்தைக் கண்டறிந்து எழுப்பும் கருவி ஆகியவற்றைக் கட்டாயமாக்கும் வரைவு அறிவிக்கையை மத்திய அரசு 2025 மார்ச்சில் வெளியிட்டது.

இதை வரவேற்கிறோம். வர வேண்டிய கருவிகள்தான், சொகுசுக் காரைவிட முதலில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் வர வேண்டியவை. ஆனால், கருவியைப் பொருத்தச் சொல்லி ஆணை போடுவதோடு கடமை முடிந்தது என்று அரசு நினைத்தால், இன்னொரு கண்ணாடி அலமாரியில் இன்னொரு உலோகத் துண்டு தொங்கும். அதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. தூக்கமில்லாமல் ஓட்டவைக்கும் முதலாளிகளுக்கு இந்த அலாரமே ஒரு சாக்காகிவிடக்கூடும்.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். போக்குவரத்து வாகனங்கள் 80 கிலோமீட்டரைத் தாண்டாதபடியும், பள்ளிப் பேருந்து, டேங்கர், டிப்பர் போன்றவை 60-ஐத் தாண்டாதபடியும் கருவி பொருத்த வேண்டும் என்பது விதி. எஃப்.சி. போடப் போகும்போது கருவி இருக்கும், பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பார், சான்று கிடைக்கும். வண்டி வெளியே வந்ததும் ஒரு மெக்கானிக் வயரைக் கழற்றிவிடுவார். அடுத்த எஃப்.சி. வரை கருவிக்கு ஓய்வு. இது ஊரறிந்த விஷயம். போக்குவரத்துத் துறைக்கும் தெரியாததல்ல. தூக்கக் கலக்கக் கேமராவின் மேல் ஒரு துண்டு ஸ்டிக்கரை ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

தண்டிக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182-ஏ பிரிவு, விதிக்கு மாறாக வண்டியில் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது. முக்கியப் பாதுகாப்புப் பாகம் என்று மத்திய அரசு அறிவித்த ஒன்றைத் தரமில்லாமல் விற்றால் ஒரு லட்சம் ரூபாய் அபராதம், ஓராண்டு வரை சிறை. எச்சரிக்கைக் கருவிகளை அந்தப் பட்டியலில் சேர்ப்பதும், அவற்றை ஊமையாக்கவென்றே விற்கும் பொருள்களைப் பெயர் சொல்லித் தடை செய்வதும் ஓர் அறிவிக்கையில் முடிகிற வேலை. சாலையில் பெல்ட் போடாதவரை நிறுத்தி ஆயிரம் ரூபாய் வாங்குகிறோம். அவர் அப்படிப் போக வழி செய்து கொடுத்த கடைக்காரரிடம் யாரும் ரசீதுப் புத்தகத்தை நீட்டுவதில்லை.

அலாரத்தை மக்கள் வெறுப்பது நம் ஊருக்கு மட்டும் உரிய குணம் அல்ல. அமெரிக்காவில் 1974 மாடல் கார்களில் முன் இருக்கையில் இருப்பவர்கள் பெல்ட் போட்டால்தான் இன்ஜின் கிளம்பும் என்று ஏற்பாடு செய்தார்கள். இருக்கையில் மளிகைப் பையை வைத்தாலும் அது ஆள் என்று எண்ணிக் கார் அடம்பிடித்தது. மக்கள் கொதித்தார்கள். அதே ஆண்டு அந்நாட்டு நாடாளுமன்றம் அந்த ஏற்பாட்டைக் கட்டாயமாக்கத் தடை போட்டது. பெல்ட் நினைவூட்டும் ஒலியை எட்டு விநாடிக்கு மேல் கட்டாயமாக்கக் கூடாது என்றும் சட்டம் எழுதியது. அந்த எட்டு விநாடிக் கட்டு நீங்க 2012 ஆனது. எத்தனை உயிர் போயிருக்கும் என்று கணக்குப் போடுவது வீண். மளிகைப் பைக்கும் மனிதருக்கும் வித்தியாசம் தெரியாத கருவியை அவசரப்பட்டு மாட்டியதால் நல்ல நோக்கமே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பின்னுக்குப் போனது என்பதுதான் நமக்குப் பாடம்.

நம் சாலைக்கு அந்தப் பாடம் இன்னும் அதிகமாகப் பொருந்தும். தடம் விலகல் எச்சரிக்கை, சாலையில் வெள்ளைக் கோடு இருக்கிறது என்ற நம்பிக்கையில் வேலை செய்வது. மாவட்டச் சாலைகளில் கோடு அழிந்து எத்தனை மழைக்காலம் ஆயிற்று? மோதல் எச்சரிக்கை ரேடாரும் கேமராவும் முன்னால் போகும் வண்டியோடு உள்ள இடைவெளியை அளக்கும். இங்கோ அந்த இடைவெளியைக் கண்டதும் ஒரு பைக் உள்ளே நுழையும், பின்னாலேயே ஒரு ஷேர் ஆட்டோ வரும். ஐரோப்பிய நெடுஞ்சாலைக்கு அளவெடுத்துத் தைத்த கருவியை அப்படியே மாட்டினால் திண்டிவனத்திலிருந்து திருச்சி போவதற்குள் நூறு முறை கத்தும். நூறு முறை பொய்யாகக் கத்தியதை நூற்றோராவது முறை யார் மதிப்பார்? 2021-இல் நாக்பூரில் தொடங்கிய 'ஐராஸ்தே' திட்டத்தில் இந்தக் கருவிகளை மாநகரப் பேருந்துகளில் பொருத்திப் பார்த்தார்கள். எந்த வளைவில், எந்தச் சந்திப்பில் அலாரம் அடிக்கடி அடிக்கிறது என்ற தகவலைத் திரட்டி, விபத்து நடப்பதற்கு முன்பே ஆபத்தான இடங்களை அடையாளம் காண்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அலாரம் ஓட்டுநரின் காதோடு நின்றுவிடாமல் நெடுஞ்சாலைத் துறையின் மேசைக்கும் போக வேண்டும் என்பது அருமையான யோசனை. தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களிடம் சுமார் 20 ஆயிரம் பேருந்துகள் இருக்கின்றன. இப்படியொரு சோதனைக்களம் வேறு எத்தனை மாநிலங்களுக்கு வாய்க்கும்?

இனி, தூக்கத்துக்கு வருவோம். இந்தக் கருவிகளில் மிக முக்கியமானதும், மிக எளிதாகத் தவறாகப் பயன்படக்கூடியதும் இதுதான்.

கருவி செய்வது இவ்வளவே: ஸ்டியரிங் அசைவு ஒழுங்கு தப்புகிறதா, கண்ணிமை வழக்கத்தைவிட நீண்ட நேரம் மூடியிருக்கிறதா என்று கவனிக்கும், சந்தேகம் வந்தால் சத்தம் போடும், இருக்கையை அதிரவைக்கும். அது தூக்கத்தைக் கண்டுபிடிக்கிறது, போக்குவதில்லை. இருபது மணி நேரம் விழித்திருந்த மனிதரைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டி எழுப்பி ஓசூரிலிருந்து தூத்துக்குடிக்கு ஓட்டவைத்தால் அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க முடியாது.

நம் விபத்துக் கணக்கில் களைப்புக்கென்று ஓர் இடமே கிடையாது. அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் விதிமீறல் காரணங்களாக அதிவேகம், குடிபோதை, எதிர்த்திசையில் வருதல், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், செல்போன் ஆகியவை வரும், மீதமெல்லாம் 'இதர'. முதல் தகவல் அறிக்கையில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி' என்ற வாக்கியம் அச்சடித்ததுபோல் இருக்கும். ஓட்டுநர் முந்தைய இரவு எங்கே படுத்தார், படுத்தாரா என்று யாரும் கேட்டு எழுதுவதில்லை. கேட்டால் பதில் முதலாளியின் வீட்டு வாசல் வரை போகும்.

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. நெடுந்தூரப் பயணங்களுக்குப் பத்து மணி நேரம்வரை விலக்கு இருந்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டவைக்கக் கூடாது, நடுவே அரை மணி ஓய்வு வேண்டும் என்றும் சொன்னது. நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ ஒரு லாரி ஓட்டுநரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். நேஷனல் பர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற விதியாவது ஏட்டில் இருந்தது. 2018-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். மாற்றி ஓட்ட இருந்த இரண்டாம் ஆளை இறக்கிவிட்ட அதே அமைச்சகம்தான் இப்போது அந்த இடத்தில் கேமராவை ஏற்றுகிறது.

ஐரோப்பாவைக் காட்டித்தான் இந்தக் கருவிகள் இங்கே வருகின்றன. அங்கே 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய வாகனங்களிலும் தூக்கக் கலக்க எச்சரிக்கை கட்டாயம் என்பது உண்மை. ஆனால், அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அங்குள்ள லாரிகளில் டேக்கோகிராஃப் என்ற பதிவுக் கருவி வந்துவிட்டது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். பொதுவாக நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. மீறினால் பதிவு காட்டிக்கொடுக்கும், நிறுவனமும் பதில் சொல்ல வேண்டும். நாம் அஸ்திவாரத்தை விட்டுவிட்டு மேல்மாடியை இறக்குமதி செய்கிறோம்.

அஸ்திவாரத்துக்கான செங்கல் நம்மிடமே கிடக்கிறது. 2019 முதல் பதிவாகும் பொதுப் போக்குவரத்து வாகனங்களில் இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவி கட்டாயம். லாரி எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தது என்று ஃபாஸ்டாக் சொல்லிவிடும். வண்டி எங்கே இருக்கிறது என்று அறிந்த அரசு, அதை ஓட்டும் மனிதர் எத்தனை மணி நேரமாக இறங்கவில்லை என்பதை அறிய விரும்பாதது ஏன்? ஓட்டுநருக்கு ஓர் அடையாள அட்டை, அதைச் செருகினால்தான் கணக்குத் தொடங்கும் என்ற ஏற்பாடு போதும். விமானிக்குப் பணி நேர வரம்பு இருக்கிறது. ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் ஓட்டுபவருக்கு 'டபுள் டூட்டி' இருக்கிறது.

செலவு என்பார்கள் உரிமையாளர்கள். கடனில் ஒரே லாரி வைத்து ஓட்டுகிறவருக்கு டீசல், டயர், சுங்கம், தவணை எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். அவர் புலம்பலில் நியாயம் இருக்கிறது. கருவி பொருத்தி, பணி நேரம் காக்கும் வண்டிக்குக் காப்பீட்டுக் கட்டணத்தைக் குறைக்கலாம். சரக்கை எத்தனை மணிக்குள் சேர்க்க வேண்டும் என்று கெடு வைக்கிற பெரிய நிறுவனங்களையும் பொறுப்பில் கட்டலாம். ஓட்டுநரின் தூக்கத்தைத் தின்பது பெரும்பாலும் அந்தக் கெடுதான். ஆனால், செலவைக் காரணம் காட்டி நாளைத் தள்ளிப்போடுவதை ஏற்க முடியாது. ஆறு ஏர்பேக் விதி 2022 அக்டோபரில் வரும் என்றார்கள், 2023 அக்டோபர் என்றார்கள், கடைசியில் கட்டாயமே இல்லை என்றார்கள். லாரி ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் என்ற விதியும் முதலில் சொன்ன 2025 ஜனவரியிலிருந்து அக்டோபருக்கு நகர்ந்தது. கோடை வெயிலில் இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்பது மாதம் சின்னக் காலம் அல்ல.

எச்சரிக்கைப் பதிவுகளை ஓட்டுநரின் கழுத்தைப் பிடிக்கும் ஆயுதமாக்கவும் கூடாது. இரவில் மூன்று முறை அலாரம் அடித்தது என்று சொல்லி ஒருவரைச் சஸ்பெண்டு செய்தால், அடுத்த வாரம் டிப்போவில் எல்லாக் கேமராவிலும் ஸ்டிக்கர் ஏறிவிடும். மூன்று முறை அடித்தால் அவரை இறக்கி மாற்று ஓட்டுநரை ஏற்ற வேண்டும், அந்த நாள் சம்பளம் அவருக்குக் குறையக் கூடாது, ஏன் அவருக்கு ஓய்வு தரவில்லை என்று கிளை மேலாளர் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று விதி எழுதுங்கள்.

2023-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 18,347 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்கு. மத்திய அரசின் அறிவிக்கைக்குக் காத்திருக்காமல், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இனி விடும் ஒவ்வொரு டெண்டரிலும் இந்தக் கருவிகளைச் சேர்க்கலாம். ஆம்னி பஸ்களின் நெடுந்தூர இரவுப் பயணத்துக்கு இரண்டாம் ஓட்டுநரை பர்மிட் நிபந்தனை ஆக்கலாம். இரண்டையும் வரும் சட்டமன்றக் கூட்டத்தொடரில் போக்குவரத்துத் துறை மானியக் கோரிக்கையின்போதே அமைச்சர் அறிவிக்க வேண்டும்.