நெகிழ்வுப் படித் திட்டம்: நம் சங்கத்தின் நிலைப்பாடு

நெகிழ்வுப் படித் திட்டம் பற்றிய நிர்வாகத்தின் சுற்றறிக்கை வந்த நாள் முதல் நடந்த மூன்று சுற்றுப் பேச்சுகளையும் உறுப்பினர்கள் அறிவீர்கள். அவற்றை இங்கே திரும்ப எழுதவில்லை. திட்டத்தில் சேரும் விருப்பப் படிவத்தில் கையெழுத்திட வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று நிர்வாகம் அறிவித்துவிட்டதால், ஸ்ரீரங்கத்தில் கூடிய செயற்குழு எடுத்த முடிவு இது.

கொள்கை அளவில் நெகிழ்வுப் படிகளை நாம் எதிர்க்கவில்லை. (இந்த வாக்கியமே வேண்டாம் என்று செயற்குழுவில் நால்வர் சொன்னதும் பதிவாகியிருக்கிறது.) திருவெறும்பூர் பெல் போன்ற மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்கு 2008இலேயே ‘கஃபெட்டேரியா’ முறை வந்துவிட்டது. 2017 உத்தரவுப்படி அடிப்படைச் சம்பளத்தில் 35 விழுக்காடு வரை அதிகாரிகள் படிகளைத் தேர்ந்துகொள்ளலாம். அங்கே படி, சம்பளத்துக்கு மேல் வருகிறது. இங்கே நம் சம்பளத்திலிருந்தே மாதம் 2,200 ரூபாயை எடுத்துச் சாப்பாட்டுக் கார்டில் போட்டு, அதற்குச் சலுகை என்று பெயரும் வைக்கிறார்கள்.

அந்த 2,200 எப்படி வந்தது? வேளைக்கு 50 ரூபாய், நாளுக்கு இரண்டு வேளை, 22 வேலைநாள். 2025–26இல் இருந்த விதிப்படி இதற்கு வரிவிலக்கு உண்டுதான், பழைய வரிமுறையில் இருப்பவருக்கு. 2023–24 முதல், பழைய முறையைக் கேட்காதவர் எல்லோருக்கும் புதிய வரிமுறைதான்; 2025–26 விதிப்படி அதில் இந்த விலக்கு கிடையாது. அதுவும் போகட்டும். 2025–26 முதல், சம்பளம் மட்டுமே வருமானமாக உள்ளவர், நிலைக்கழிவு 75,000 சேர்த்து 12.75 லட்சம் வரை புதிய முறையில் வரியே கட்ட வேண்டியதில்லை. நம்மில் பெரும்பாலோர் அதன் பக்கத்தில்கூட இல்லை. வரியே இல்லாதவருக்கு எதற்கு வரிச்சலுகை? ஆண்டுக்கு 26,400 ரூபாய் கார்டில் முடங்கும். மார்ச் 31க்குள் செலவழிக்காத மீதி போய்விடும். உழைத்த கூலி என்ன மாத்திரை அட்டையா, காலாவதித் தேதி போட?

காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் நிறுத்துத் தருபவரிடம் இந்தக் கார்டைத் தேய்க்க முடியாது. உத்தர வீதியில் கூடையோடு உட்கார்ந்து கீரை விற்கும் அம்மாவிடமும் முடியாது. ஓட்டலில் சாப்பிடலாமே என்றால், வெளியில் கை நனைக்காத வீடுகள் ஸ்ரீரங்கத்தில் எத்தனை என்று யாராவது நிர்வாகத்துக்குச் சொல்லியிருக்கலாம். பெரிய கடைகளில் செல்லுமாம். மாதக் கடைசியில் கடன் தரும் மளிகைக்காரரை விட்டுவிட்டு அங்கே போக வேண்டுமா?

பேச்சில் அமெரிக்காவின் எஃப்.எஸ்.ஏ. கணக்கை, அதாவது மருத்துவம் போன்ற செலவுக்குச் சம்பளத்திலிருந்து ஒதுக்கும் கணக்கை, உதாரணம் காட்டினார்கள். பிள்ளைகள் அங்கே இருக்கும் வீடுகள் நம் தெருக்களில் நிறைய, கேட்டுத் தெரிந்துகொண்டோம். அங்கும் மீதி போய்விடும்தான், சிறு பகுதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகச் சில நிறுவனங்கள் விடுகின்றன. ஆனால் மருத்துவக் கணக்கில் ஆண்டு முழுமைக்கும் ஒப்புக்கொண்ட தொகையை முதல் நாளே எடுக்கலாம். சேர்பவருக்கு வரியும் குறைகிறது. நமக்குக் காலாவதி மட்டும் இறக்குமதி.

எல்லோருக்கும் பொதுவாகத் தரும் படியைத் தனியே பிரித்துக் காட்டி பி.எஃப். தொகையைக் குறைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னதை நிர்வாகம் அறியும். இந்த 2,200 ரூபாயைப் பிரிப்பதால் நம் பி.எஃப். குறையாது என்று எழுத்துப்பூர்வ உறுதி தேவை.

பழைய வரிமுறையில் பயன் பெறும் சிலர் விரும்பினால் சேரட்டும், சங்கம் தடுக்காது. யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. கார்டில் மிஞ்சும் தொகையை, உரிய வரி இருந்தால் பிடித்துக்கொண்டு, ஏப்ரல் சம்பளத்தோடு தர வேண்டும். இவை ஏற்கப்படும்வரை படிவத்தில் கையெழுத்திட வேண்டாம் என உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். முன்பே கையெழுத்திட்டவர்கள் வியாழக்கிழமைக்குள் அதன் நகலைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள்.