பல குரலும் ஒரு பாட்டும்

மார்கழியில் நல்லதண்ணிக்கு இராக்காலத்து உறக்கம் இல்லை. திசெம்பர்ப் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலை யாத்திரை தொடங்கிவிடுகின்றது. மலையேறும் சிங்கள அடியார் கூட்டத்தில் ஒருவர் கவியடி எடுத்துக்கொடுக்க, ஏனையோர் அதனை ஏந்திப் பாடிச் செல்கின்றனர். வைகறையில் தோட்டத்துக் கோயில்களிலிருந்து திருவெம்பாவை எழுகின்றது. இவற்றிடையே நத்தார் வந்து, லயத்து வாசல்தோறும் சிறுவர் நின்று கரோல் பாடுகின்றனர். மூன்றும் கூட்டுப்பாட்டே. ஆயினும் நத்தார்ப் பாட்டினுள் மற்றை இரண்டினும் இல்லாத ஒரு கலை ஒளிந்துள்ளது. நம் தமிழ் வட்டாரம் அதற்கு இன்னும் செவி கொடுக்கவில்லை என்பதே நாம் இவ்விதழில் சொல்லவந்த குறை.

கவியிலும் திருவெம்பாவையிலும் நூறு பேர் பாடினாலும் மெட்டு ஒன்றே. பயின்ற பாடகர் குழாத்திலோ சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்னும் நால்வகைக் குரலும் நான்கு வழியே நடக்கின்றன. ஒன்று ஏறும்போது ஒன்று இறங்குகின்றது. ஒன்று நிற்க மற்றொன்று அதனைச் சுற்றி ஓடுகின்றது. இராகத்தின் ஒற்றையிழையையே பற்றிப் பழகிய நம் செவி, மேற்குரலை மாத்திரம் தொடர்ந்து, ஏனைய மூன்றையும் இரைச்சலென ஒதுக்கிவிடுகின்றது. நாமும் அவ்வாறே நெடுங்காலம் ஒதுக்கினோம்.

எம் செவி திறந்தது ஒரு நாணத்தால். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலையின் ஒளிவிழாவுக்காக, மேனாட்டு மெட்டொன்றுக்குத் தமிழ்ச் சொல் அமைத்துத் தருமாறு எம்மைக் கேட்டனர். சைவப் பண்டிதரைக் கேட்டார்களே என்னும் பெருமிதத்தில், யாப்பில் வழுவின்றி எழுதிக் கொடுத்தோம். அதில் ‘சிறு பாலன்’ என்றொரு தொடர். மெட்டிலோ அவ்விடத்து ஒலி நெடிது நின்றது. மேடையில் மாணவியர் பாடியபோது அது ‘சீறு பாலன்’ ஆயிற்று. அவையில் எழுந்த சிரிப்பு இன்றும் எம் காதில் உள்ளது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று வகுப்பில் ஆண்டுதோறும் ஓதுகின்ற நாமே அதனை மறந்தோம். எழுதுமுன் அம்மெட்டை ஒருகால் அமர்ந்து கேட்டோமில்லை.

இது எம் ஒருவர் பிழை மாத்திரமன்று. தமிழ்க் கிறித்தவர் பாட்டு இரு கிளையாக வளர்ந்தது. மேனாட்டு மெட்டில் மொழிபெயர்த்த பாமாலை ஒன்று. நம் இராக தாளத்தில் எழுந்த கீர்த்தனை மற்றொன்று. பெத்லகேம் குறவஞ்சி பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இரண்டாவதன் தலைமகன். கீர்த்தனையில் சொல்லும் இசையும் உடன்பிறந்தன. பாமாலையில் சொல் இசைக்குப் பின்னர் வந்தது. ஆகவே குறில் நீண்டும் நெடில் குறுகியும் பொருள் தடுமாறும் இடங்கள் அதில் உள. ஆனால் நான்கு குரலும் பாமாலையோடுதான் வந்தன. 1854 இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் வழியே திருநெல்வேலி உபதேசியார் இம்மலைக்கு வந்தனர். ஹற்றனிலிருந்து நல்லதண்ணிக்கு வரும் வழியில், டிக்கோயாவில் துரைமார் 1878 இல் எழுப்பிய வார்லி தேவாலயம் இன்றும் நிற்கின்றது. துரைமார் போயினர், நாற்குரற் பாட்டு அவர்களோடு போகவேண்டிய பொருளன்று.

மேனாட்டிலும் அது துரைமார் சொத்தாக இருக்கவில்லை. யோகான் செபஸ்தியான் பாக் லைப்சிக் நகரத்தில் ஒரு பாடசாலையின் இசையாசிரியர். இலத்தீனும் கற்பிக்கக் கடமைப்பட்டவர். அதனை வேறொருவருக்குக் கூலி கொடுத்து ஒப்படைத்தார் என்பது ஆசிரியர் சிலருக்கு ஆறுதல் தரலாம். அவருடைய நத்தார் இசைநூலை 1734 திசெம்பர் 25 முதல் 1735 சனவரி 6 வரை ஆறு நாட்களில், அப்பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டே முதன்முதல் பாடுவித்தார். ஹாண்டெலின் ‘மெசையா’ 1741 இல் ஏறத்தாழ இருபத்துநான்கு நாட்களில் எழுதப்பெற்று, 1742 ஏப்பிரல் 13 அன்று டப்ளினில் அரங்கேறியது. அது நத்தார்க் காலமன்று. சிறைப்பட்ட கடனாளிகளை மீட்கவும் மருத்துவமனைகளுக்கு உதவவும் அன்று பணம் சேர்த்தனர்.

‘மெசையா’வில் குழந்தை பிறந்த செய்தியைக் கூறும் கூட்டுப்பாட்டையே தொடக்கப் பாடமாகக் கொள்ளலாம். மேற்குரல் தனியே எடுக்கின்றது. மற்றவை ஒவ்வொன்றாய் அதனைப் பற்றிக்கொள்கின்றன. குழந்தையின் திருநாமங்களைச் சொல்லும் இடம் வந்ததும் நான்கும் ஒருங்கே முழங்குகின்றன. முதன்முறை மேற்குரலைக் கேளுங்கள். இரண்டாம் முறை அதனை விட்டு ஆல்ட்டோவை மாத்திரம் தேடிப் பிடியுங்கள். மெட்டின் அழகு பெரும்பாலும் அதற்குக் கிட்டுவதில்லை. அதனை நீக்கிப் பாடினாலோ நடுவில் ஒரு பள்ளம் விழுந்துவிடும்.

இளங்கோவடிகளின் ஆய்ச்சியர் குரவையில், மாதரி எழுவர் மகளிரை நிறுத்தி, குரல் முதல் தாரம் ஈறாக ஏழிசையின் பெயரை இடுகின்றாள். அவர்கள் ஏழு இசையையும் ஒருங்கே ஒலித்தனர் என்று வாதிட நாம் வரவில்லை; எதனைக் கண்டாலும் ‘எம்மிடம் முன்பே உண்டு’ என்பது பண்டிதர் நோய். ஒவ்வொரு பெண்ணும் ஓர் இசையாய்த் தன் இடத்தில் நிற்பது நம் கற்பனைக்குப் புதிதன்று என்பதே நாம் கூறுவது.

இன்று ஒளிவிழாக்களில் பதிவுசெய்த இசையை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, பிள்ளைகள் அதன்மேல் உரக்கப் பாடுவதே மிகுதியாய்க் காண்கின்றோம். தம் குரலையும் அயலாள் குரலையும் அவர்கள் கேட்பதற்கு வழியில்லை. தமிழாசிரியரும் சங்கீத ஆசிரியரும் ஒரு மாலை கூடியிருந்து, மெட்டு நீளும் இடத்தில் நெடிலோ மெல்லின மெய்யோ வருமாறு நான்கு வரி எழுதினால் போதும். நான்கு குரலும் வேண்டா. முதலாண்டில் இரண்டு போதும். தாழ்குரலுக்கு எந்த மாணவியை நிறுத்துவது என்பதை இப்பொழுதே எண்ணிவைக்கலாம். உரத்துப் பாடுபவள் வேண்டா. பக்கத்தில் நிற்பவள் பாடுவதைக் கேட்டுக்கொண்டே தன் வழியைப் பாடக்கூடியவள் வேண்டும்.