பேட்ச் எண் இருக்கிறது, எச்சரிக்கை எங்கே?

அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளுக்கு கியூஆர் கோடு கட்டாயம் என்ற விதி 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. போலி மருந்தை ஒழிக்கத்தான் என்றார்கள். நல்லது. ஆனால் அந்தக் கோட்டுக்குள் எதையெல்லாம் வைக்கச் சொன்னார்கள்? தயாரிப்பின் அடையாள எண், மருந்தின் பொதுப்பெயர், பிராண்டு பெயர், கம்பெனியின் பெயர் முகவரி, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, உரிம எண். பக்கவிளைவு பற்றி ஒரு வரி கிடையாது. எந்த மருந்தோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்பதும் கிடையாது. கம்பெனியின் உரிம எண்ணை வைத்துக்கொண்டு நோயாளி என்ன செய்வார்?

பதற்றத்துக்கு எழுதித் தரப்படும் அல்பிரசோலத்தையே எடுத்துக்கொள்வோம். தூக்கம் வரவில்லை என்று போகிறவர்களுக்கும் இது தாராளமாக எழுதப்படுகிறது. பகலிலும் மந்தம், மறதி, நடையில் தள்ளாட்டம் ஆகியவை இதன் தெரிந்த விளைவுகள். வயதானவர்கள் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு இந்த ரக மாத்திரைகளும் ஒரு காரணம். சில வாரம் தொடர்ந்து சாப்பிட்டாலே உடம்பு இதற்குப் பழகிவிடலாம். பழகியபின் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மதுவோடோ, டிரமடால் போன்ற வலிமாத்திரையோடோ சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் இதற்காக 2016-லும் 2020-லும் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட வைத்தார்கள்.

இன்னொன்று, நம் ஊரில் அன்றாடம் நடப்பது. படர்தாமரைக்குத் தோல் டாக்டர் இட்ராகோனசோல் எழுதுகிறார். அல்பிரசோலத்தைக் கல்லீரல் உடைத்து வெளியேற்றும் வேலையை அது தடுத்துவிடும். சாப்பிடுவது வழக்கமான அரை மில்லிகிராம்தான், ஆனால் ரத்தத்தில் மருந்து ஏறிக்கொண்டே போகும். இந்த இரண்டையும் சேர்க்கவே கூடாது என்பது மருந்தியல் நூல்களில் உள்ள பாடம். தோல் டாக்டருக்கு ராத்திரி மாத்திரை பற்றித் தெரியாது. மனநல டாக்டருக்குப் படர்தாமரை பற்றித் தெரியாது. இரண்டையும் விழுங்குகிறவருக்கு எதுவுமே தெரியாது.

அட்டையில்தான் எச்சரிக்கை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, சிவப்புக் கட்டத்துக்குள், எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில். டாக்டர் சொல்லாமல் சாப்பிடுவது ஆபத்து, சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. மெடிக்கலில் நாலு மாத்திரையைக் கத்தரிக்கோலால் நறுக்கி, காகிதக் கவரில் போட்டு, மேலே ‘இரவு 1’ என்று எழுதித் தருகிறார்கள். சிவப்புக் கட்டமும் கியூஆர் கோடும் மீதி அட்டையோடு கடையிலேயே தங்கிவிடுகின்றன. இந்த நாட்டில் மாத்திரை இப்படித்தான் விற்கிறது என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரியாதா?

அவர்களுக்குத் தெரியாமல் போனவற்றின் பட்டியல் நீளம். 2014 மார்ச்சில் எச்1 பட்டியல் வந்தது. அல்பிரசோலம் வாங்குகிறவர் பெயரையும் எழுதிய டாக்டரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றார்கள். பழைய சீட்டைக் காட்டி எத்தனை முறை வேண்டுமானாலும் வாங்கும் வழக்கம் அதனால் நின்றுவிட்டதா? பதற்றத்துக்கே விற்கப்படும் ஃப்ளூபென்டிக்சால் - மெலிட்ராசென் கூட்டு மருந்தை, அது பிறந்த டென்மார்க்கிலேயே அனுமதிக்கவில்லை என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2012-ல் கண்டித்தது. ஓராண்டு கழித்துத் தடை போட்டார்கள். விவகாரம் கோர்ட் படியேறியது. அந்தத் தடை வந்த அதே நாளில் தடை செய்த பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை நோய் மருந்தை அடுத்த மாதமே திரும்ப அனுமதித்தார்கள். 2016-ல் 344 கூட்டு மருந்துகளுக்குப் போட்ட தடையை, முறைப்படி செய்யவில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் தூக்கி எறிந்தது. தடை போடுவதற்குக்கூட முறை தெரியாதவர்கள் கையில் நம் மருந்துப் பெட்டி இருக்கிறது.

கம்பெனிக்கு வலிக்காத விவரங்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கோட்டுக்குள் அடைத்துவிட்டு, இதைச் சீர்திருத்தம் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். விதியைத் திருத்துங்கள். நோயாளிக்கு வேண்டியதை, நோயாளிக்குப் புரியும் மொழியில், நறுக்கிய நாலு மாத்திரையோடும் போய்ச் சேரும்படி செய்யுங்கள். எப்படி என்று யோசிக்கத்தானே சம்பளம்?

அதுவரை வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அல்பிரசோலம் சாப்பிடுகிறவர்கள் தாமாக அதை நிறுத்திவிட வேண்டாம். பல்லுக்கோ தோலுக்கோ, எந்த டாக்டரிடம் போனாலும் அந்த மாத்திரையின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.