சராசரிக்குள் காணாமல் போகும் லயம்

பொதுச் சுகாதார மாநாடுகளில் இலங்கைக்கு நல்ல பெயர். 1985ல் இத்தாலியின் பெலாஜியோவில் ரொக்பெல்லர் மன்றம் கூட்டிய சர்வதேச மாநாட்டின் தலைப்பு ‘குறைந்த செலவில் நல்ல சுகாதாரம்’. சீனா, கோஸ்டாரிக்கா, கேரளாவோடு இலங்கையும் அங்கே முன்மாதிரி. 1934-35ல் மலேரியாவுக்கு ஏறத்தாழ 80,000 பேரைப் பறிகொடுத்த நாடு, 2016ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றிதழும் வாங்கியது. இலவச வைத்தியமும் வீடு தேடிவரும் குடும்பநல மருத்துவிச்சிமாரும் இல்லாமல் இது நடந்திருக்காது. பெருமைப்படத்தான் வேணும்.

ஆனா, கம்பளை டவுனில் புசல்லாவை பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் லயங்கள் தெரிய ஆரம்பிக்கும். அந்தப் பெருமை அங்கே எவ்வளவு தூரம் போயிருக்கு?

அதே 2016ல் எடுத்த குடிசன, சுகாதார ஆய்வைப் பாருங்க. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 சதவீதம். தோட்டப்புறத்தில் 32. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பிள்ளை.

“தோட்டத்து ஆட்களுக்கு விழிப்புணர்வு இல்ல” என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். பகலில் பிள்ளையைக் கிளினிக்குக் கொண்டுபோனால் கொழுந்து குறையும், அரைப்பேர்தான் விழும் என்பது அந்தத் தாய்க்குத் தெரியும். அவளிடம் இல்லாதது விழிப்புணர்வு அல்ல, காசும் நேரமும். இதற்கொரு வரலாறும் இருக்கு. 1948ல் பிரஜாவுரிமை பறிபோனது. நாட்டுக்கெல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரி என்றபோது, தோட்டத்துச் சனத்தின் வைத்தியம் நீண்டகாலம் தோட்ட நிர்வாகத்தின் கையில்தான் கிடந்தது. 1974 உணவுத் தட்டுப்பாட்டில் சாவு அதிகம் கூடியதும் தோட்டங்களில்தான். அதற்குப் பதினொரு வருடம் கழித்துத்தான் பெலாஜியோ பாராட்டு.

நான் கலைப்பீடம், தொற்றுநோயியல் என் பாடமில்லை. ஆனாலும் அந்தத் துறை பெருமையாகச் சொல்லும் கதை எனக்கும் தெரியும். 1854ல் லண்டனில் கொலரா பரவியபோது, ஜோன் ஸ்னோ எந்த வீட்டில் யார் செத்தார்கள், எந்தப் பம்பில் தண்ணி எடுத்தார்கள் என்று பிரித்துப் பார்த்தார். லண்டன் முழுவதுக்கும் ஒரே சராசரி போட்டிருந்தால் அந்த பிரோட் வீதிப் பம்பு கண்ணில் பட்டிருக்குமா?

மாநாடு நிபுணர்களுக்கானது, அங்கே கொழுந்து பறிக்கிறவங்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஆய்வாளருக்குத் தெரியாத ஒன்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும்: கிளினிக் நாளில் ஏன் போக முடியவில்லை என்பது. அடுத்த தடவை கண்டியில் இப்படியொரு மாநாடு நடந்தால், தோட்டப்புறக் கணக்கைத் தனியாகப் போடட்டும். முடிவுகளைத் தமிழிலும் தரட்டும். மேடையில் ஒரு கதிரையை அவளுக்கும் போடட்டும். பாராட்டை அதுக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.